ஏழு கேபி

ஓர் இணையப் பக்கம் எத்தனை கனம் என்று பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. வானிலைச் செய்தியைத் திறப்பேன். இன்று மழைக்கு வாய்ப்பில்லை. அவ்வளவுதான் செய்தி. அதைக் கொண்டுவர ஆறு எம்பி இறங்கியிருக்கும். ஒரு கட்டு மல்லித்தழை வாங்க லாரி எடுத்துக்கொண்டு போனதுபோல. லாரியின் மூலையில் மல்லித்தழை கிடக்கும். மிச்ச இடமெல்லாம் விளம்பரம், தானாக ஓடும் வீடியோ, நம் விரல் எங்கே நிற்கிறது என்று வேவு பார்க்கும் நிரல், "குக்கீ ஏற்கிறீர்களா" என்று வழிமறிக்கும் பெட்டி. இதைச் செய்தவனுக்கு ஐந்து லட்சத்தில் லேப்டாப் இருக்கும், வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும். அவன் போனில் பக்கம் படக்கென்று திறக்கும். ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் திறக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

எங்கள் ஊரில் அப்படித் திறக்காது. செம்பட்டியிலிருந்து உள்ளே போகும் ஊர். டவர் இருக்கிறது. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். விடியும் முன்னால் என் அம்மா மல்லிகைத் தோட்டத்தில் நின்றுகொண்டு, இன்றைக்குப் பூவை நிலக்கோட்டைக்குக் கொண்டுபோவதா, திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோவதா என்று முடிவெடுக்க வேண்டும். இரண்டு மார்க்கெட்டிலும் விலை வேறு. தப்பான பஸ் ஏறிவிட்டால் அன்றைய பறிப்பு வீண். விலை வாட்ஸ்அப்பில் வரும். குரல் செய்தியாக, படமாக, படத்தைப் படம் பிடித்த படமாக. அது இறங்குவதற்குள் முதல் பஸ் போய்விடும்.

அதனால் நான் ஒரு பக்கம் எழுதினேன். "பூ விலை" என்று பெயர். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி, அரளி. பக்கத்தில் இரண்டு ஊர் விலை. படம் கிடையாது, நிறம் கிடையாது, ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கிடையாது. மொத்தம் ஏழு கேபி. ஆயிரம் கேபி சேர்ந்தால்தான் ஓர் எம்பி. ஒரு கோடு சிக்னல் போதும். கமிஷன் கடைக்காரர்கள் எனக்குக் குரல் செய்தி அனுப்புவார்கள், நான் தட்டிப் போடுவேன். சுற்றுவட்டாரத்தில் பூ போடுகிற பல வீடுகளில் அதைப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்து டிகிரி வாங்கினவள் நான்தான். அந்த டிகிரியால் நடந்த உருப்படியான காரியம் என்று என்னைக் கேட்டால் இந்த ஏழு கேபியைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் நான் பேசுவதற்கு ஓர் இடம் இருந்தது. திண்டுக்கல் கணினி வட்டம். டெலிகிராம் குழு. பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள், கல்லூரிப் பையன்கள், என்னைப்போல நாகல் நகரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் மதர்போர்டு துடைக்கிறவர்கள். அதில் என் பெயர் "அழகு". முழுப்பெயர் பொன்னழகு. எல்லா இடத்திலும் "அழகு" என்று சுருக்கிப் போடுவது என் பழக்கம். மதுரைப் பக்கம் அழகு என்றால் ஆண் பெயர் என்பது அவர்களுக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. "அழகு ப்ரோ", "தல", "மச்சி" என்று கூப்பிட்டார்கள். டெலிகிராமில் நாய்க்குட்டியைக்கூட ப்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குழுவோடு எனக்குச் சண்டைதான். வெள்ளிக்கிழமை ஆனால் ஆளாளுக்குத் தங்கள் திரையைப் படமெடுத்துப் போடுவார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மூலையில் ஒரு ஜப்பான் பொம்மைப் பெண். "இந்தத் திரையில் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டேன். திரையை அலங்கரித்ததுதான் வேலை. பன்னிரண்டாயிரம் கொடுத்து ஒரு கீபோர்டு வாங்கி அதன் சத்தத்தைப் பதிவுசெய்து போட்டான் ஒருவன். பலகாரச் சட்டியில் வடகம் பொரிகிற சத்தம். "தட்டுகிற சத்தம் நல்லாருக்கு, தட்டினது என்ன?" என்று கேட்டேன். புதிதாக வந்த பையன் ஒருவன் சந்தேகம் கேட்டால், "தேடிப் பாத்துட்டு வா" என்று நாலு பேர் பாய்வார்கள். தான் ஒரு காலத்தில் பட்ட பாட்டை அடுத்தவனும் பட்டே ஆகவேண்டும் என்பதில் இவர்களுக்கு இருக்கிற கண்டிப்பு, தங்கள் நிரலில் இருந்ததே இல்லை. இதையும் எழுதினேன்.

திட்டினாலும் என்னை அவர்களுக்குப் பிடித்திருந்தது. "அழகு ப்ரோ வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு" என்பார்கள். பக்கத்தின் எடை பற்றி நான் எழுதின நீளமான பதிவுகளை மேலே ஒட்டி வைத்திருந்தார்கள். எனக்கும் அவர்களைப் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. ஒரு படத்தை எத்தனை சிறிதாக்கலாம் என்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேச என் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரியில் குழுவின் அட்மின் மோகன்குமார் எழுதினார். மார்ச்சில் வட்டத்தின் ஆண்டுக் கூட்டம். "அழகு ப்ரோ, உங்க 'பக்கத்தின் எடை' டாபிக்க அரை மணி நேரம் பேசுங்க. பூ விலைப் பக்கத்த வச்சே பேசுங்க. நம்பர் அனுப்புங்க." அனுப்பினேன். போன் வந்தது.

"அழகு ப்ரோ, மோகன்குமார் பேசுறேன்."

"சொல்லுங்க."

"ஹலோ, அழகு இருக்காப்லயா?"

"நான்தான் அழகு."

"இல்ல, குரூப்ல எடையப் பத்தியெல்லாம்..."

"அதுவும் நான்தான். பொன்னழகு."

"ஓ. சூப்பர் சிஸ்டர். சூப்பர் சூப்பர்."

ஒரே மூச்சில் ப்ரோவிலிருந்து சிஸ்டர். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் என்ன படித்தேன், எங்கே படித்தேன், வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். ஒரு வருடம் பழகியும் கேட்காத கேள்விகள். அம்மா பூ போடுகிறார், பறிப்பார் என்றேன். "வாவ்" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

இரண்டு நாளில் கூட்டத்தின் போஸ்டர் குழுவில் வந்தது. "பக்கத்தின் எடை: ரோஹித்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே ரோஜா நிற லேப்டாப் படம் போட்டு, "மகளிர் தினச் சிறப்பு: பூந்தோட்டம் முதல் புரோகிராமிங் வரை. ஓர் எளிய பெண்ணின் நெகிழ்ச்சிப் பயணம்." அதில் என் பெயர்.

நான் போன் போட்டேன்.

"மோகன்குமார், என் டாபிக் எங்க?"

"அது கொஞ்சம் டெக்னிக்கல் சிஸ்டர். ரோஹித் ஹேண்டில் பண்ணிருவாப்ல. வர்றதெல்லாம் டெவலப்பர்ஸ், குறுக்குக் கேள்வி கேப்பாய்ங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுல்ல?"

"ஒரு வருஷமா அதே ஆளுங்க குறுக்குக் கேள்விதான் கேட்டாங்க. நான் பதில் சொல்லலையா?"

"சொன்னீங்க. டவுட்டே இல்ல. ஆனா சிஸ்டர், உங்க ஸ்டோரி இருக்குல்ல, அது அத விடப் பெருசு. அம்மா பூப் பறிக்கிறாங்க, மக கோட் அடிக்கிறாங்க. கேக்குறவன் கண்ணு கலங்கிரும்."

"எங்கம்மா பூப் பறிக்கிறது எங்கம்மா பாக்குற வேலை. அதுக்கு ஏன் உங்க கண்ணு கலங்குது?"

"அய்யோ, தப்பா எடுத்துக்காதீங்க."

"வேற எப்படி எடுத்துக்கிறது? இன்னொரு வழி இருந்தா சொல்லுங்க."

போஸ்டர் அடித்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். பொன்னாடை, கேடயம் எல்லாம் உண்டு என்றார். ரோஹித்துக்குப் பொன்னாடை உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார், நான் நகைச்சுவை சொன்னதாக நினைத்துக்கொண்டு.

கடையில் என்னோடு வேலை செய்கிற பாஸிலாவிடம் போஸ்டரைக் காட்டினேன். பேகம்பூர்க்காரி. கவுண்டரில் பில் போடுவாள், பழுது வாங்கி வைப்பாள். வாய் என்னைவிட நீளம்.

"எளிய பெண்ணா? யாரு, நீயா?" என்றாள். "போன வாரம் பிரிண்டர்காரன அந்தக் கிழி கிழிச்சியே, அவன்கிட்டக் காட்டவா இத?"

"வெளையாடாத பாஸிலா. என் பேச்ச எடுத்து வேற ஒருத்தன்கிட்டக் குடுத்துட்டாங்க."

"யாரு அந்த ரோஹித்து?"

"வடகம் பொரியிற கீபோர்டுக்காரன்."

"அவனுக்குப் பூ விலை தெரியுமா?"

"மல்லிக்கும் முல்லைக்கும் வித்தியாசம் தெரியாது."

"அப்ப போகாத. பேரு போஸ்டர்ல இருக்கட்டும், சேரு காலியா இருக்கட்டும். மானம் அவனுகளுக்குத்தான் போகும்."

"போகாட்டி, பொம்பளப் புள்ள, பயந்துட்டான்னு ஆயிரும்."

"போயி என்ன செய்வ? கண்ணக் கசக்குவியா?"

"போனாத்தான் தெரியும்."

வீட்டில் அம்மாவுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. "துண்டு போத்துறேங்குறாங்க, கேடயம் குடுக்குறேங்குறாங்க. வாங்கிட்டு வாயேன்டி. என்னத்தக் கொறஞ்சு போச்சு?"

"என் வேலையப் பத்திப் பேச விட மாட்டேங்குறாங்கம்மா."

"என்னயப் பத்திப் பேசச் சொல்றாகளா?"

"ஆமா. நீ கஷ்டப்பட்டதப் பத்தி."

அம்மா பூக்கூடையைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எதுக்கு? நான் அவுகள ஏதும் கேட்டேனா?"

அதற்குமேல் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு கல்லூரியின் கருத்தரங்கக் கூடம். வாசலில் டீ சர்ட் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது முழங்கால் வரை வந்தது. "லேடீஸ் சைஸ் அடிக்கல சிஸ்டர், அடுத்த தடவை பாத்துக்கலாம்." உள்ளே ஏறக்குறைய நூறு பேர். எல்லார் மடியிலும் லேப்டாப், எல்லா லேப்டாப் மூடியிலும் ஸ்டிக்கர். பெங்குயின், பூதம், மண்டையோடு. என் லேப்டாப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. மூடியில் அரசு முத்திரை இருக்கும். கீல் உடைந்ததை இரண்டு திருகு போட்டு நானே இறுக்கியிருக்கிறேன். அதில்தான் ஏழு கேபியும் பிறந்தது.

பெண்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர் இருந்தோம். கடைசி வரிசையில் இரண்டாம் ஆண்டு மாணவி மாதிரி ஒருத்தி தனியாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோஹித் பேசினான். கெட்டவன் இல்லை. முதல் வரியிலேயே, "இந்த ஐடியா அழகு சிஸ்டரோடது" என்றான். அப்புறம் நான் குழுவில் எழுதினதை ஒவ்வொன்றாகச் சொன்னான். லாரி, மல்லித்தழை உட்பட. கூட்டம் சிரித்தது. நான் எழுதின நகைச்சுவைக்கு அவன் கைதட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு இன்னும் நாகரிகமான வார்த்தை கிடைக்கவில்லை. பூ விலைப் பக்கத்தின் படத்தைத் திரையில் காட்டினான். "சூப்பரான முயற்சி. ஆனா இது ஒரு ஸ்டார்ட்டிங்தான். இத நல்ல ஃபிரேம்வொர்க்ல மாத்தி எழுதுனா, ஆப் ஆக்கி, நோட்டிஃபிகேஷன் வச்சு, எங்கயோ கொண்டு போகலாம்."

ஃபிரேம்வொர்க், லைப்ரரி என்பதெல்லாம் அடுத்தவர் எழுதிவைத்த நிரல் மூட்டைகள், எடை எம்பிக் கணக்கில் ஏறும். எங்கே கொண்டுபோவான்? ஒரு கோடு சிக்னலில் அது செம்பட்டி தாண்டாது.

அவன் பேசும்போதே திண்டுக்கல் பூ மார்க்கெட்டிலிருந்து கமிஷன் கடைக் கண்ணன் அண்ணனின் குரல் செய்தி வந்தது. முகூர்த்த நாள் கூட்டம் கலைந்து மல்லி விலை இறங்கிவிட்டது. நான் நாற்காலியில் இருந்தபடியே போனில் புதிய விலையைத் தட்டிப் போட்டேன். மேடையில் என் பக்கத்தைப் பற்றி ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். பக்கம் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

என் முறை. மோகன்குமார் மைக்கைப் பிடித்தார். "அடுத்து, நம்ம மனச உருக்கப் போற ஒரு பயணம்." கைதட்டினார்கள். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேடையேறினேன். புரொஜெக்டர் பழசு, என் லேப்டாப்பும் பழசு, வயர் சட்டென்று பொருந்தியது.

"சிஸ்டர், ஸ்லைடு எதுவும் தேவையில்ல. மனசுல உள்ளதச் சொல்லுங்க."

"என் பயணம்தான வேணும்? அதத்தான் காட்டப் போறேன்."

நிரல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வரிக் குறிப்போடு சேமித்து வைப்போம். எப்போது, யார், எதை மாற்றினார் என்று முதல் நாளிலிருந்து வரிசையாக இருக்கும். நான் பூ விலைப் பக்கத்தின் அந்த வரலாற்றைத் திரையில் விரித்தேன். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து.

"இதுதான் என் பயணம். கீழ இருந்து வாசிக்கிறேன்."

மோகன்குமார் பக்கத்தில் வந்து மெதுவாக, "சிஸ்டர், இது ரோஹித் கவர் பண்ண டாபிக். ரிப்பீட் ஆயிரும்" என்றார். மைக் அதையும் கூடத்துக்குச் சொன்னது.

"ரோஹித் எடையப் பத்திப் பேசுனாப்ல. எடையக் கொறைச்சது நான். ரிப்பீட் ஆகாது. நீங்க உக்காருங்க."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. ஓரமாக நின்றார்.

வாசித்தேன். "'முதல் பக்கம். பூப் படம் ஆறு போட்டிருக்கேன். அழகா இருக்கு.' இது முதல் நாள். எடை ரெண்டு எம்பி. அடுத்தது: 'அம்மா போன்ல திறக்கல. படத்தத் தூக்கிட்டேன்.' அடுத்தது: 'தமிழ் எழுத்து நல்லா தெரியணும்னு எழுத்துரு சேத்தேன்.' அதுக்கடுத்து: 'எழுத்துரு முந்நூறு கேபி. தூக்கிட்டேன். போன்ல இருக்குற எழுத்தே போதும்.' இது: 'மோகன்குமார் குரூப்ல சொன்ன லைப்ரரி சேத்தேன்.' அஞ்சு நிமிஷம் கழிச்சு: 'மோகன்குமார் சொன்ன லைப்ரரியத் தூக்கிட்டேன்.'"

கூடம் அதிர்ந்தது. மோகன்குமாரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

"எங்கம்மா பூப் பறிக்கிறாங்கன்னு கேட்டு உருக வந்தவங்க மன்னிச்சுக்கங்க. எங்கம்மா இந்தப் பக்கத்தோட டெஸ்டர். 'திறக்கல'ன்னு சொல்றவங்க. நீங்க உங்க ஆபீஸ்ல டெஸ்டருக்குக் கண்ணீர் விடுறீங்களா? பயப்படுவீங்க. நானும் பயப்படுறேன்."

அப்புறம் நின்று நிதானமாகப் பேசினேன். எந்த வரியை ஏன் எடுத்தேன், எதை எடுத்ததில் எத்தனை மிச்சம். அன்று லேப்டாப்பில் அதுவரை திறக்காதிருந்த பக்கத்தையும் ஒருமுறை திரையில் திறந்து காட்டினேன். சிலர் லேப்டாப்பைத் திறந்து வேறு வேலை பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டு பேர் எழுந்து டீக்குப் போனார்கள். உருக வந்தவர்களாக இருக்கலாம். பரவாயில்லை. என் அரை மணி நேரத்தை நான் என் வேலைக்குச் செலவழித்தேன்.

"கடைசிக்கு முந்துன மாற்றம் இது. எனக்கு ரொம்பப் பிடிச்சது. 'ஒருக்கா வாங்குன பக்கத்த அரை நாள் வச்சுக்கன்னு போனுக்குச் சொல்லிட்டேன்.' அதாவது, காலைல ஒரு தடவை இறக்குனா, திரும்பத் திறக்குறப்ப போன் தன்கிட்ட இருக்குறதையே காட்டும். சர்வருக்கு வராது. அந்த ஏழு கேபியும் மிச்சம். சிக்னல் இல்லாட்டியும் தெரியும்."

"அக்கா."

கடைசி வரிசையிலிருந்து. தனியாக உட்கார்ந்திருந்த பெண்.

"கேள்வியெல்லாம் கடைசில வச்சுக்கலாம் பாப்பா" என்றார் மோகன்குமார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். "அக்கா, உங்க பக்கம் பொய் சொல்லுதுக்கா."

கூடம் திரும்பிப் பார்த்தது.

"என்ன பொய்?"

"போஸ்டர்ல உங்க பேரு பாத்துட்டு வர்றப்ப பஸ்ல பூ விலையத் திறந்தேன். மல்லி எண்ணூறுன்னு காட்டுச்சு. இப்பத் திறந்தாலும் எண்ணூறுதான். செத்த முன்னாடி நீங்க திரையில காட்டுனப்ப அறநூறுன்னு இருந்துச்சு. எது நெசம்?"

எனக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. அம்மா விடியலில் ஒருமுறை பார்ப்பாள், பஸ் ஏறிவிடுவாள். மறுநாள்தான் மறுபடி பார்ப்பாள். ஒரே காலையில் இரண்டு முறை பார்க்கிறவர்களுக்கு என் பக்கம் பழைய விலையைக் காட்டிக்கொண்டிருந்தது. விலை இறங்கினபின் இரண்டாம் பறிப்பைக் கொண்டுபோகிறவன் எண்ணூறு என்று நம்பித் திண்டுக்கல் பஸ் ஏறியிருப்பான். மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் எழுதின ஒரு வரி.

"அதான் சொன்னேன்" என்றான் ரோஹித் முன்வரிசையிலிருந்து. "ஃபிரேம்வொர்க்ல இருந்தா இதெல்லாம் அதுவே பாத்துக்கும்."

"சும்மா இரு ரோஹித்" என்றேன் மைக்கிலேயே. "பிழை என்னோடது. எடுக்குறதும் நான்தான். எடுக்குறதுக்கு ரெண்டு எம்பி தேவையில்ல, ஒரு வரி போதும்." அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "உன் பேரு என்ன?"

"ஜெஸ்ஸி."

"மேல வா ஜெஸ்ஸி."

வந்தாள். கூச்சமெல்லாம் இல்லை. என் லேப்டாப் திரையை எட்டிப் பார்த்து, சர்வருக்கான வரிகளில் விரல் வைத்தாள். "இங்கதான. அரை நாள்னு போட்டுருக்கீங்க."

"பத்து நிமிஷம்னு மாத்திருவோம்."

"பத்து நிமிஷமும் பொய்தானக்கா. வச்சுக்கச் சொல்லுங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் கேக்கச் சொல்லுங்க. மாறலன்னா சர்வர் 'மாறல'ன்னு மட்டும் சொல்லும். சின்னப் பதில்."

"அந்தச் சின்னப் பதில் போயிட்டு வர்றதுக்கு எங்க ஊர்ல அரை நிமிஷம் ஆகும். பக்கத்த விடப் பயணம்தான் கனம்."

"வெலை தப்பா வர்றதுக்கு அரை நிமிஷம் பெருசா?"

"சிக்னலே இல்லாட்டி? வெறும் வெள்ளைத் திரை காட்டவா? பழசாவது தெரியட்டும்."

"பழசக் காட்டுங்க, பழசுன்னு சொல்லிக் காட்டுங்க! எத்தன மணி வெலைன்னு எங்கயாச்சும் போட்டுருக்கீங்களா?"

போடவில்லை. தேதி போட்டிருந்தேன், நேரம் போடவில்லை. எட்டு எழுத்து மிச்சம் பிடித்திருந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு கண்ணாடிக்காரர் எழுந்து, இரண்டும் வேண்டாம், இப்படிச் செய்யலாம் என்று ஒரு மூன்றாவது வழியைச் சொன்னார். ஜெஸ்ஸி "அது பழைய போன்ல வேலை செய்யாது" என்று அவரை வெட்டினாள். டீக்குப் போனவர்களில் ஒருவன் கிளாசோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். லேப்டாப்புக்குள் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்திருந்தன. யாரும் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. "அது தப்பு", "எப்படித் தப்பு?", "சர்வர்ல என்ன போட்டுருக்கீங்க, காட்டுங்க" என்றுதான் கேட்டார்கள். ஒரு வருடம் அழகு ப்ரோவிடம் கேட்டதுபோலவே கேட்டார்கள்.

நான் வரியை மாற்றினேன். ஜெஸ்ஸி சொன்னபடிதான், ஆனால் சிக்னல் இல்லாதபோது பழையதைக் காட்டும்படி. விலைக்கு மேலே நேரத்தையும் சேர்த்தேன். வரலாற்றில் குறிப்பு எழுத வேண்டும். "பக்கம் பொய் சொல்லுதுன்னு ஜெஸ்ஸி கண்டுபிடிச்சா. சரி பண்ணிட்டேன்" என்று தட்டிச் சேமித்தேன். அவள் பெயர் பெரிய திரையில் தெரிந்தது.

மோகன்குமார் இதற்குள் பொன்னாடையை உறையிலிருந்து எடுத்துவிட்டார். இன்னொரு கையில் கேடயம். போட்டோகிராபர் மேடையேறி நின்றார். "சிஸ்டர், டைம் ஆச்சு. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாம். நெகிழ்ச்சியான..."

"செத்த இருங்க. சரியாயிருச்சான்னு பாக்கணும்."

"எனக்கு இன்னும் எண்ணூறுதான் காட்டுதுக்கா" என்றாள் ஜெஸ்ஸி.

"உன் போன் அரை நாளைக்குக் கேக்காது. முன்னமே வாங்கி வச்சிருச்சுல்ல." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் போனும் அப்படித்தான். புதிதாகச் சோதிக்க, இந்தப் பக்கத்தை இன்னும் திறந்தே பார்க்காத போன் வேண்டும்.

மைக்கை எடுத்தேன். "பூ விலைப் பக்கத்த இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் திறக்காதவங்க கையத் தூக்குங்க."

முதலில் இரண்டு மூன்று கைகள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து, வரிசை வரிசையாக. ஒரு வருடமாக மேலே ஒட்டி வைத்து, இதயம் போட்டு, "செம ப்ரோ" என்று எழுதின கூட்டம். கூடத்தில் முக்கால்வாசிக் கைகள் மேலே இருந்தன. ரோஹித் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவனும் தூக்கினான். மேடையில் காட்டின படத்தை யாரிடமோ வாங்கியிருப்பான்.

நான் மேடையின் ஓரத்தைப் பார்த்தேன். மோகன்குமாருக்கு இரண்டு கையும் நிறைந்திருந்தது. ஒன்றில் கேடயம், ஒன்றில் பொன்னாடை. தூக்கக் கை இல்லை. ஆனால் அவரும் திறந்ததில்லை என்று முகமே சொன்னது.

"போன் எங்க வச்சிருக்கீங்க?"

"சட்டைப் பையில. ஏன்?"

"எடுங்க."

"கேடயம்..."

"கீழ வைங்க."

வைத்தார். பொன்னாடையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு போனை எடுத்துத் திறந்து கொடுத்தார். போட்டோகிராபர் பழக்கதோஷத்தில் ஒன்று அடித்தார். நான் முகவரியைத் தட்டினேன். ஜெஸ்ஸி என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். கண்ணிமைக்கும் முன் வந்தது. மல்லி அறுநூறு, மேலே நேரம்.

"எத்தனை கேபி?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

பார்த்தேன். நேரம் சேர்த்ததில் கொஞ்சம் ஏறியிருந்தது.

"ஏழு தாண்டிருச்சு" என்றேன். "யார்கிட்டயாச்சும் குறைக்க வழி இருந்தா மேல வாங்க. பேசுறதுக்கு எனக்கு இன்னும் நேரம் இருக்கு."

மூன்று பேர் எழுந்து வந்தார்கள்.